நாலாவது வார்டின் பட்டை

அந்த மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவளுக்குப் பேர் ஒன்று இருந்தது. ஆனால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் சார்ட் அக்காதான். ஆபரேஷன் செய்த இடத்தில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்று ஆறு வார்டுகளும் தினமும் கணினியில் பதிந்துவிடும். மாதம் பிறந்ததும் போன மாதக் கணக்கை 'ஆர்' என்கிற புள்ளியியல் நிரல்மொழி எடுத்துக்கொண்டு, வார்டுக்கு ஒரு பட்டையாக வரைந்து கொடுக்கும். பட்டையின் நிறம், அகலம், அடியில் வரும் எழுத்தின் சாய்வு எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். படத்தை அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவாள். எண்களை அவள் பார்ப்பதே இல்லை, படத்தைத்தான் பார்ப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று நான் மழுப்பப் போவதில்லை.

போன மாதக் கடைசியில் பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாசா மாசம் ஸ்கேல் மாறுதும்மா. மூணு பேருக்கு வந்தாலே பார் கூரையைத் தொடுது. பாக்கறவன் பயந்து ஓடிட மாட்டானா? பத்துன்னு நிறுத்திடுங்க."

"பத்தைத் தாண்டிட்டா சார்?"

"தாண்டாது. என் ஆஸ்பத்திரி எனக்குத் தெரியாதா?"

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். அளவு பூஜ்யம் முதல் பத்து வரை என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள். தாண்டினாலும் பட்டையின் தலைதானே வெட்டுப்படும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். கூடவே இன்னொரு வேலையும் செய்தாள். நிரலை ஓட்டும்போதெல்லாம் சிவப்பு எழுத்தில் ஏதாவது எச்சரிக்கை வந்து அவள் கண்ணை உறுத்தும். அதன் வாயையும் ஒரு வரியால் அடைத்தாள். இரண்டே வரி, பாவி!

திங்கட்கிழமை படம் வந்தது. ஐந்து பட்டைகள். நான்காவது வார்டு என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே வெறும் வெள்ளை. ஒருவருக்கும் சீழ் பிடிக்கவில்லை! அவளுக்கு வாயெல்லாம் பல். படத்தை ஒட்டிய கையோடு தங்கைக்குப் போன் செய்தாள். தங்கைக்குப் பித்தப்பையில் கல். எந்த வார்டில் சேர்வது என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு நாலுல சேருடி. அங்க ஒண்ணுமில்லடி. நானே வரைஞ்சேன், எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா சரிதாங்க்கா."

புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. சாயங்காலம் பார்க்கப் போனபோது வார்டு முழுக்க ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. நான்கு கட்டில்களைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். இரண்டு மெத்தைகளைச் சுருட்டி வெளியே வைத்திருந்தார்கள். பேசிக்கொண்டிருந்த நர்ஸுகள் அவளைக் கண்டதும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு மனசுக்குள் என்னவோ நெருடியது. ஆனால் கேட்கவில்லை. படத்தில்தான் ஒன்றுமில்லையே.

வெள்ளிக்கிழமை காலையில் நான்காவது வார்டின் தலைமை நர்ஸ் அவள் மேசை முன்னால் வந்து நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எங்க வார்டு பார் எங்கம்மா?"

"உங்களுக்குத்தான் பூஜ்யம் ஆச்சே சிஸ்டர்."

"பூஜ்யமா? பதினாலு போட்டேன்! அதைப் பாத்தாவது மேல இருக்கறவங்க வார்டை மூடுவாங்கன்னு நானும் நாலு நாளா காத்திட்டிருக்கேன். பெரியவர் சொல்லி மறைச்சிட்டீங்களா?"

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். நிரலைத் திறந்து எச்சரிக்கையை அடக்கிய வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சிவப்பு எழுத்து வந்து விழுந்தது. ஒரு வரிசை நீக்கப்பட்டது என்றது. எல்லையைத் தாண்டிய பட்டையின் தலையை அந்த மொழி வெட்டுவதில்லை, பட்டையையே தூக்கி எறிந்துவிடுகிறது. பத்து என்ற வரியையும் அழித்தாள். நான்காவது வார்டின் பட்டை மற்ற ஐந்தையும் குள்ளமாக்கிவிட்டு நெடுநெடுவென்று நின்றது.

லிஃப்டுக்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை. செருப்பு ஒன்று படியில் கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். தலைமை நர்ஸும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

தங்கை போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் படுத்திருந்தாள். பல் கிட்டித்தது.

"குளுருதுக்கா. அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லேன்."

ஃபேன் ஓடவில்லை.

நர்ஸ் போர்வையை விலக்கிக் கட்டை மெல்லப் பிரித்தாள். பஞ்சு மஞ்சளாக நனைந்திருந்தது. "டாக்டரைக் கூப்பிடு, ஓடு!" என்று இன்னொரு நர்ஸைப் பார்த்துக் கத்தினாள். காயத்தைத் துடைத்து வேறு கட்டுப் போட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு மூலையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்தாள். இந்த மாதத்துக் கட்டத்தில் ஐந்து என்று இருந்தது. அதை அழித்துவிட்டு ஆறு என்று அடித்தாள்.

"என்னக்கா டைப் பண்றாங்க?" என்று தங்கை கேட்டாள்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அனலாகக் கொதித்த தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி," என்றாள். திங்கட்கிழமையும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள்.