ரோஜா ஏரியின் முதல் மிடறு

எங்கள் ஊர் சாந்தா எல்விராவின் வரலாற்றை எழுதித் தரும்படி ஊர்த் தலைவர் போர்தகாராய் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு தந்திக் கருவி, நிலைய அதிகாரியின் தொப்பி, எலிப் புழுக்கை. ஊரில் பார்க்க வேறொன்றும் கிடையாது.

நூறாவது ஆண்டு விழாவுக்கு ஏரிக்கரையில் பலகை வைத்தார்கள். நான் கொடுத்தது ஐந்து வரி. ரயில் வந்தது, கோதுமைக் கிடங்கு வந்தது, மாடு வெட்டும் கூடம் வந்தது, அதன் கழிவு ஏரியில் விழுந்தது, ரயில் நின்றது. பலகையில் இருந்ததோ வேறு: 'காதலனை இழந்த இளவரசியின் கண்ணீரால் சிவந்த ரோஜா ஏரி. இதன் சேறு தோல் நோய்களைத் தீர்க்கும்.'

இளவரசியாம்! நேரே தலைவரின் அலுவலகத்துக்குப் போனேன்.

"என்னய்யா இது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற?"

"பெருசு, கோவப்படாத. சாக்கடையைப் பாக்க எவன் வருவான்? கதை சொன்னாத்தான் வருவான்."

"சேத்தைப் பூசுனா புண்ணு ஆறுமா?"

"எல்லாப் புண்ணும் தானா ஆறும். பேரு சேத்துக்குப் போகட்டுமே, உனக்கென்ன?" என்று கூசாமல் சிரித்தான். "சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்களைத் தண்ணில இறக்கி போட்டோ எடுக்கப் போறோம். உன் தம்பி பேத்தி அப்ரீல்தான் முன்னாடி நிக்குது."

"கூடத்துக் கழிவுக் குழாய் இன்னும் ஏரிக்குள்ள ஓடுதுய்யா! பிள்ளைங்களை இறக்காத!"

"கூடம் என் மச்சானோடது. ஊர்ல பாதிப் பேரு அங்க வேலை பாத்துத்தான் சாப்பிடுறான். வாயை மூடிட்டுப் போ, பெருசு."

ஆசிரியை நெலிதாவிடம் போய்ச் சொன்னேன். "தலைவர் உத்தரவு போட்டுட்டாரு, எவுசேபியோ அண்ணே. இத்தனை வருசம் வாயைத் திறக்காத நீங்க இப்போ சொல்றதை நான் எப்படி நம்புறது?" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளை எப்படிக் குறை சொல்வது? அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். வியாழக்கிழமைதோறும் மதகைத் திறந்து ரத்தத்தையும் சாணத்தையும் ஏரிக்கு அனுப்பியது இந்தக் கைதான். திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. கரையில் நாற்காலிகள், கொடிகள், பக்கத்து நகரத்துப் பத்திரிகைக்காரர்கள். பிள்ளைகள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அப்ரீலின் முழங்காலில் பழைய சிராய்ப்பு ஒன்று இன்னும் ஆறாமல் இருந்தது. தண்ணீர் விளிம்பில் ரோஜா நிற நுரை ஒதுங்கியிருந்தது. அதன்மேல் ஈக்கள்.

"பெருசு, மத்தே போடு. எல்லாரும் குடிச்சிட்டு ஆரம்பிப்போம்" என்றான் போர்தகாராய். எந்த விழாவிலும் மத்தே போடுவது நான்தான். சுரைக்குடுவையில் இலைத் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலைச் செருகிக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்போம். போடுகிறவன் முதல் குடுவையைத் தானே குடிக்க வேண்டும். இது எழுதாத சட்டம்.

கெட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். மத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானோ அரைமணி நேரம் கொதிக்க வைத்திருந்தேன். குடுவையில் ஊற்றி, எல்லோரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன். கொதிக்கவைத்தும் போகாத அந்த ருசி எனக்கு நன்றாகவே தெரியும். என் பழைய வேலைச் சட்டையில் எத்தனை துவைத்தும் போகாத நாற்றம் அது.

மறுபடியும் ஊற்றித் தலைவரிடம் நீட்டினேன்.

"குடிங்க தலைவரே. இதோ இந்த ஏரித் தண்ணிதான். விடிகாலைல குழாய் பக்கத்துல மொண்டது. புண்ணையே ஆத்துற தண்ணி, தாகத்தை ஆத்தாதா?"

குடுவை அவன் கையில். ரத்த வாடை அவன் மூக்குக்குப் போயிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். பத்திரிகைக்காரர்கள் கேமராவை இறக்கவில்லை.

"குடிங்க தலைவரே!" என்று பின்னாலிருந்து யாரோ கேலியாகக் கத்தினான். கூடத்தில் வேலை பார்ப்பவர்களில் ஒருவன்தான்.

போர்தகாராய் குழலில் வாய் வைக்கவே இல்லை. குடுவையைத் திருப்பி என்னிடமே நீட்டினான்.

"நன்றி" என்றான்.

எங்கள் ஊரில் மத்தேவுக்கு நன்றி சொன்னால், 'போதும், இனி வேண்டாம்' என்று பொருள். ஒரு மிடறுகூடக் குடிக்காமல் அதைச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

நெலிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் செருப்பைப் போடுங்க. வீட்டுக்குப் போறோம்" என்றாள். அப்ரீல் என்னிடம் ஓடிவந்து, "தாத்தா, நீங்க மட்டும் ஏன் அதைக் குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அதை முதல்ல ஊத்துனவன் நான்தான் கண்ணு" என்றேன். கரையோரம் குனிந்து வாந்தி எடுத்தேன்.