நாலு வரி இடம்

உமேஷ் தன் கல்யாணப் பத்திரிகையை எனக்குத் தனியாக அனுப்பவில்லை. எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். பெண், கோலாரில் இருக்கும் மாமன் மகள். ஆறு வருஷம் மேடையில் எனக்கு ஜோடியாகப் பாடியவன், மேடைக்கு வெளியேயும் ஜோடி என்று என்னை நம்பவைத்தவன், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். கடைசியில் எனக்கும் டிரம்ஸ்காரருக்கும் ஒரே அழைப்பு. மூன்று வாரம் அழுதேன். பகலில் வேலை பார்க்கும் சிவாஜிநகர் துணிக்கடையில் பிளவுஸ் பிட் கிழித்துக்கொண்டே அழுதேன். வாங்க வந்தவர்கள் மெட்ராஸ் ஐ என்று நினைத்துத் தள்ளி நின்றார்கள்.

நாலாவது வாரம் அழுகை அலுத்துப்போய் ஒரு பாட்டு வந்தது.

*சாத்திப்போட்டுப் போனியே, சாவி என் இடுப்பிலே*
*சமையல் எனக்கொருத்திக்கானாலும் ருசி என் அடுப்பிலே*

தொடையில் தாளம் போட்டு போனில் பாடிப் பதிந்து, மைக்கேல்ராஜ் அண்ணனுக்கு அனுப்பினேன். குழு அவருடையது; கீபோர்டும் அவர்தான். மறுநாள் ஒத்திகையில் அதைப் போட்டுக் காட்டினார். என் குரல் இரண்டு வரி. பிறகு வெறும் தாளம், நீளமாக. பிறகு மறுபடி என் குரல்.

"இன்னாமா ஷில்பா, நடுவுல போன் கட்டாயிடுச்சா?"

"இல்லண்ணா. அது கேப்பு. நாலு வரிக்கு."

"யாருக்கு?"

டூயட் பாடிப் பாடி, நான் இரண்டு வரி பாடினால் உமேஷுக்கு நாலு வரி விடுவது பழகிப்போயிருந்தது. நீ வேண்டாம் என்று எழுதிய பாட்டிலும் அவனுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அதைவிட என் மேலேயே கோபமாக வந்தது.

"அந்த எடத்துல நம்ம கவின் பாடட்டும். ஞாயித்துக்கெழமை ஆனேக்கல் காதுகுத்துக்கு அவனையே ஜோடியா போட்டுடலாம்" என்றார். கவினுக்கு வேலை ஐடியில், ஆசை மைக்கில். நல்ல பையன்தான். ஆனால் மறுபடியும் ஒருத்தனுக்குப் பாதியாக நிற்க எனக்கு மனசில்லை.

"வேணாண்ணா. நான் தனியாவே பாடறேன்."

"மூணு மணி நேரம் தாங்குவியா?"

"தாங்கலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து கவினைப் போடுங்க."

ரோஷத்தில் சொல்லிவிட்டேன். வாரம் முழுக்க அந்த நாலு வரியை எழுதப் பார்த்தேன். எதை எழுதினாலும் அது உமேஷிடம் நியாயம் கேட்பதாகவே முடிந்தது. ஒன்றில் அவனைத் திரும்பி வரச்சொல்லிக்கூடக் கேட்டிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

ஆனேக்கலில் மண்டபம் நிறைந்திருந்தது. மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. எனக்குப் போட்டி அது ஒன்றுதான். இரண்டு மணி நேரம் பழைய பாட்டுகளை ஓட்டிவிட்டேன். கூட்டம் பிரியாணியைப் பார்த்ததே தவிர என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனிடம் என் பாட்டை எடுக்கச் சொன்னேன். காதுகுத்தில் காதல் தோல்வியா என்று அவர் முழித்தார். தாளம் குதித்தால் யாரும் வரியைக் கவனிக்க மாட்டார்கள் என்று நான் தைரியம் சொன்னேன்.

முதல் இரண்டு வரி முடிந்தது. அந்த இடம் வந்தது. பாட என்னிடம் ஒன்றும் இல்லை.

பழக்க தோஷத்தில் வலது பக்கம் திரும்பினேன். ஆறு வருஷமாக அவன் பாடும்போதெல்லாம் அப்படித் திரும்பி, தலையை ஆட்டி, உருகிப்போனவளாகச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெண் பாடகிக்கு அதுவும் ஒரு வேலை. இப்போது அங்கே ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது. ஸ்பீக்கரைப் பார்த்து எதற்குச் சிரிப்பது? என் முகம் தானாகத் தளர்ந்தது. தாடை வலி என்று இத்தனை நாள் மாத்திரை போட்டேனே, அது இந்தச் சிரிப்பின் வலி என்று அப்போதுதான் புரிந்தது. வயிறு நிறைய மூச்சை இழுத்தேன். டிரம்ஸ்காரர் எவ்வளவு அழகாக வாசிக்கிறார் என்று முதல் தடவையாகக் காதில் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வரியை எடுத்தபோது குரல் எங்கிருந்தோ வந்தது. கை கழுவப் போனவர்கள் ஈரக்கையோடு திரும்பி வந்தார்கள். குழந்தையின் அம்மா மேடை ஓரத்துக்கே வந்து, "அக்கா, இன்னொரு வாட்டி!" என்று கத்தினாள். இன்னொரு வாட்டி பாடினேன். அந்த இடத்தில் மறுபடியும் சும்மா நின்றேன், சுகமாக.

ஒயர்களைச் சுருட்டும்போது மைக்கேல்ராஜ் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"சக்கத்தா கீதுமா, சூப்பரு. கவினுக்கு வர வேணாம்னு சொல்லிடறேன். ஆனா அந்த கேப்பை மட்டும் வெட்டிடலாமா? பாட்டு சிக்குனு ஆயிடும்."

"வேணாண்ணா, உட்டுடுங்க. அங்கதான் நான் மூச்சு வாங்கிக்கறேன்."