இடது, வலது

மார்ச் 11, செவ்வாய். கார் கதவில் ஸ்பீக்கர் துளையின் அகலத்தை அளந்தேன், ஆழத்தை அளக்கவில்லை. கண்ணாடி இறங்கும்போது ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தத்தில் இடிக்கிறது. தவறு என்னுடையது.

கார் ஸ்பீக்கர் கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் இதை எழுதியபோது, மாலை வகுப்பில் ஒயரிங் படிப்பவள் செய்கிற தவறா இது என்று அவளுக்கே கூசியது. கடைக்காரர் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய இறக்காமயே ஓட்டுறதா இருந்தா இதுவே போதும்மா. யாராவது வழி கேட்டா கதவத் திறந்து சொல்லுங்க" என்றார். பக்கத்திலிருந்த அண்ணி சிரித்தாள். அண்ணன் இறந்துபோன இந்த எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை எண்ணிவிடலாம்.

கார் அண்ணனுடையது. இப்போது அண்ணிதான் அதை வேலைக்கு ஓட்டிப் போகிறாள். பழைய ஸ்பீக்கர் கிழிந்து கரகரத்தாலும், பென்டிரைவில் அண்ணன் பதிந்துவைத்த குரலைக் காலையில் ஒருமுறை போடாமல் அவள் வண்டியை எடுப்பதில்லை. ஸ்பீக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, காருக்குள் உட்கார்ந்து அவன் போனில் பதிந்து பென்டிரைவில் ஏற்றியது அது. அன்றைக்குக் காரின் பின் இருக்கையில் இருந்தவள், எதையும் எழுதிவைப்பதால் வீட்டில் 'நோட்டு' என்று பேர் வாங்கிய தங்கை. அவன் பேசி முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள். அவன் ஒன்று சொன்னான். அதன் பிறகுதான் போனை அணைத்தான். அந்த நாலு வார்த்தையைக் கரகரப்பு இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி, "அவருக்கு முடியலன்னு உங்க யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டபோது இல்லை என்று தலையாட்டியவளும் அவள்தான்.

ஆழம் குறைந்த இரண்டு ஜோடிகளைக் கடைக்காரர் சுவரிலிருந்த பலகையில் மாட்டினார். ஒன்று காகிதக் கூம்பு, மந்தமான சத்தம். மற்றது துல்லியம். அண்ணி பென்டிரைவை நீட்டினாள்.

முதல் ஜோடியில் அண்ணன் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தான். "இதுவே நல்லாருக்கு அண்ணி" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"அதையும் கேப்போமே."

கடைக்காரர் சுவிட்சைத் தட்டினார். சுவரில் அண்ணன் வந்து நின்றான்.

"இடது பேசுறேன். வலது பேசுறேன். நோட்டு, எழுதிக்கோ, ரெண்டும் சரி."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மெல்லிய இழுப்பு, மாடி ஏறி வந்தவனுடையதுபோல. பிறகு தூரத்தில் அவளுடைய குரலே கேட்டது: "ஏண்ணா இப்பிடி மூச்சு வாங்குது?"

"உஷ். அண்ணிகிட்ட சொல்லாத."

கடைக்காரர் வேறெங்கோ பார்த்தார். அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். அது முடிந்ததும், "இதையே மாட்டுங்க" என்றாள்.

திரும்பும் வழியில் அண்ணிதான் ஓட்டினாள். வழக்கம்போல் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அண்ணியின் கண்கள் ஒருமுறை அவள்மேல் விழுந்து சாலைக்குத் திரும்பின. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அண்ணி இறங்கவில்லை.

"நாளைக்கு மாட்டறப்ப நீயும் வா நோட்டு. முன்னாடி உக்காரு."

அவள் உள்ளே போய் அதே பக்கத்தில் எழுதினாள்:

நாளை காலை ஒன்பதரை, கடை. இரண்டு கதவும். மாட்டி முடிந்ததும் முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்க வேண்டும். அண்ணி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.