சிலுவைமுத்துவின் வண்டி ஓடியதா?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. இராமேஸ்வரம் போகும் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருவர், பேச்சோடு பேச்சாக, "எங்க ஊர்ல ஒரு ஆளு மோட்டார் சைக்கிளுக்குச் சுறா எண்ணெய ஊத்தி ஓட்டுனாரு சார்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள் மண்டபம் வந்துவிட்டது. அவர் பொட்டலத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ரயில் பாலத்தில் ஏறியது. என் கையில் ஒரே ஒரு வரி இருந்தது. மீதியை நானே செய்து மாட்டியிருக்கிறேன். எங்காவது ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கதையை இப்படித் தொடங்கினேன்: "கதிரவன் தன் பொற்கரங்களால் நீலக் கடலைத் தடவிய ஓர் இனிய காலையில்..." வேண்டாம். அந்தக் கடலை ஏற்கெனவே ஆயிரம் பேர் தடவிவிட்டார்கள்.

பிறகு இப்படி: "1956ஆம் ஆண்டில் பாம்பன் தீவுக்கு ரயில் தவிர வேறு வாகனம் வர வழியில்லை. ஆகவே அங்கே மோட்டார் சைக்கிள் என்பது..." இதுவும் வேண்டாம். வாத்தியார் வாசனை அடிக்கிறது.

மூன்றாவது தடவை ஒரு வரி வந்தது. அதை எடுக்க எனக்கு மனமில்லை:

சிலுவைமுத்துவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

மீனவக் குடும்பத்தில் பிறந்து, மீனவர் வீட்டில் பெண் எடுத்து, வீட்டு வாசலில் நின்றால் கால் நனையும் தூரத்தில் குடியிருக்கிறவனுக்கு வள்ளத்தில் ஏறிப் பத்து நிமிடம் ஆனால் தலை சுற்றும். அடுத்த பத்து நிமிடத்தில் குடல் வாய்க்கு வரும். கல்யாணமான ஐந்து வருடமாக மாமனாரின் வள்ளத்தில் போய், யாரும் பார்க்காதபோது பின்பக்கம் குனிந்து வாந்தியெடுத்து, கடல்தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வலையிழுத்தான். பாதி நாள் காது வலி, முதுகில் கட்டி, வயிற்றுக் கடுப்பு என்று கரையிலேயே தங்கினான். ஊர் அவனைச் சோம்பேறி என்றது. சோம்பேறி என்ற பெயர் அவனுக்குச் சௌகரியமாகவே இருந்தது. உண்மையான பெயர் அதைவிட மோசம்.

(ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் போகிற வழியில் இருக்கிறது. பெயரைச் சொன்னால், "எங்க ஊர்லயா அப்படி ஒருத்தன்?" என்று அங்கிருந்து யாராவது சண்டைக்கு வருவார்கள்.)

3

அவனுடைய கல்யாணத்துக்குச் சீதனமாக மாமனார் வியாகுலம் புதுவலை கொடுத்திருந்தார். நகை கொடுத்தால் அடகுக்குப் போகும், வலை கொடுத்தால் மாப்பிள்ளை கடலுக்குப் போவான் என்பது அவர் கணக்கு. சிலுவைமுத்து அந்த வலையைக் கீழக்கரைக்குக் கொண்டுபோய், பழைய இரும்பு வியாபாரி ஹமீது சுல்தானிடம் கொடுத்துவிட்டு, யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட ஒரு குட்டி மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டான்.

"சின்ன எஞ்சினுதான், ஆனா ரோசக்காரன்" என்றார் ஹமீது சுல்தான். "பெட்ரோல மட்டும் ஊத்திராதீங்க தம்பி. எஞ்சின் எண்ணெயும் கலந்துதான் ஊத்தணும். கலக்காம ஓட்டுனா உள்ள சூடேறி அப்படியே இறுகிப்போகும். அதுக்குப் பெறகு அல்லாவுக்குத்தான் தெரியும்."

வண்டி வள்ளத்தில்தான் வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் அவன் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். இனிமேல் கடலில் ஏறாமலிருக்க வாங்கிய வண்டிக்காக அவ்வளவு நேரம் கடலில் வந்ததை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

4

வியாகுலம் வந்து பார்த்தார். டயர் இல்லை, சங்கிலி இல்லை, டேங்கில் விரல் நுழையும் ஓட்டை.

"நா குடுத்த வலையக் குடுத்துட்டு இரும்பு வாங்கியாந்திருக்கியளே மாப்ள. இது மீனு புடிக்குமா?"

"மீனு நீங்க புடிங்க மாமா. நா இதுல பாம்பன் டேசனுக்குக் கொண்டு போறேன். பொம்பளையாளுக தலையில செமந்து மணல்ல நடந்து போயிச் சேருறதுக்குள்ள பாதி மீனு கெட்டுப் போகுது. இதுல போனா ரயிலு வாரதுக்கு முன்னாடி நிக்கலாம்."

யோசனை நல்ல யோசனைதான். அது வியாகுலத்துக்கும் தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் யோசனை நன்றாயிருக்கிறது என்று எந்த மாமனார் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார்?

"சரி. மாதா கோயில் திருநாளுக்குச் சாமியாரு கடக்கரைக்கு வந்து வள்ளங்கள மந்திரிப்பாரு. அன்னைக்கு ஊருக்கு முன்னால இது ஓடணும். ஓடுச்சுன்னா மீனக் கொண்டு போங்க, நா வாயத் தொறக்கல. ஓடலன்னா மறுநாளு என் வள்ளத்துல ஏறணும். காது வலி, கட்டி, கடுப்பு ஒண்ணும் பேசப்புடாது. ஆயுசுக்கும் ஏறணும்."

"ஆயுசுக்குமா மாமா?"

"ஆயுசுக்கும்."

சிலுவைமுத்துவுக்கு நின்ற இடத்திலேயே தலை சுற்றியது.

5

இப்போது அவன் மனைவி ஜோதிமேரியைப் பற்றி. இவளிடம் நான் நிறையத் தவறு செய்துவிட்டேன்.

முதல் பிரதியில் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இரண்டாவதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போனாள். அப்பன் வீடு நாலாவது வீடு என்பது எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவதில் சிலுவைமுத்து தன் சொந்த சாமர்த்தியத்தால் எஞ்சினைக் கழற்றி, துடைத்து, மாட்டி... இங்கேதான் பேனா நின்றுவிட்டது. அவனை எனக்குத் தெரியும். கழற்றுவதில் சூரன். மாட்டுவதில், ஊருக்கெல்லாம் மிச்சம் வைக்கிற புண்ணியவான். அவன் மாட்டிய கடிகாரத்தில் எப்போதும் இரண்டு சக்கரம் மிஞ்சும்.

அப்படியென்றால் மாட்டியது யார்?

அவன் ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் கழற்றக் கழற்ற, ஜோதிமேரி வலை பின்னும் நூலை எடுத்து ஒவ்வொன்றாகக் கோத்தாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முடிச்சு. மாட்டும்போது கடைசி முடிச்சிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தால் வரிசை தவறாது. அந்த ஊரில் கிழிந்த வலையைப் பிரிக்கும்போது எதை எங்கே பிரித்தோம் என்று பெண்கள் அப்படித்தான் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். ஒரு மாதத்தில் அடுப்படி உத்தரத்தில் பன்னிரண்டு நூல்கள் தொங்கின. பிஸ்டன் கருவாட்டுப் பானைக்குள் இருந்தது. கரி பிடித்த சைலன்சரை அவள் அடுப்புக்குள் நுழைத்து எரித்ததில் இரண்டு நாள் சோற்றில் புகை நாறியது.

"இஞ்சேருங்க, அந்தச் சில்லு அங்கன போகாது. அதுக்கு முந்தி ரெண்டு முடிச்சு இருக்கு."

"எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சா சரி. கையில இருக்குறத என்ன செய்யப் போறிய?"

கையில் ஒரு வாஷர் மிஞ்சியிருந்தது. அவன் திரும்பக் கழற்றினான்.

(டேங்க் ஓட்டையை வள்ளத்துக்கு அடைப்பதுபோல் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார்கள். பெட்ரோல் அதை ஒரு மணி நேரத்தில் தின்றுவிட்டது. பிறகு பாம்பனில் ஈயம் பற்றவைத்து, பழைய டயரும் சங்கிலியும் தேடிப்பிடித்து மாட்டினார்கள். பின்னால் மீன்கூடை வைக்க வள்ளப் பலகையில் ஒரு தட்டும், வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயமும். பார்க்க அது பாதி வண்டி, பாதி வள்ளம்.)

அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே தெரியும். காது வலி என்ற சாக்கைக் கண்டுபிடித்ததே அவள்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லிக்காட்டவில்லை. இதைவிடப் பெரிய காதல் காட்சி இந்தக் கதையில் கிடையாது.

6

திருநாளுக்கு முதல்நாள் வண்டி முழுதாக நின்றது. பெட்ரோல் வந்துவிட்டது. எஞ்சின் எண்ணெய் வரவில்லை. அதை வாங்க இராமநாதபுரம் போன பக்கத்து வீட்டுக்காரர், கடை பூட்டியிருக்கிறது என்று வெறுங்கையோடு திரும்பினார்.

சிலுவைமுத்து வாசலில் நின்று யோசித்தான். எதிரே வியாகுலத்தின் வள்ளத்துக்குச் சுறா ஈரல் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடமாக உப்புத் தண்ணீரில் கிடந்தும் அந்தப் பலகை உளுத்துப்போகவில்லை. மரத்தையே காப்பாற்றும் எண்ணெய் இரும்பைக் காப்பாற்றாதா?

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அவர்களிடம் சுறா எண்ணெய் இல்லை.

ஜோதிமேரி முகர்ந்து பார்த்தாள். "எஞ்சினு ஓடுதோ இல்லையோ, பூனை ஓடி வரும்" என்றாள். ஊற்றுவதைத் தடுக்கவில்லை. அவளிடமும் வேறு வழியில்லை.

7

கரையில் ஊரே கூடியிருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து வள்ளங்களை மந்திரித்துக்கொண்டு வந்தார். வரிசையின் கடைசியில் வண்டி, முகம் ஊரைப் பார்த்து, முதுகு கடலைப் பார்த்து நின்றது. அதற்கும் இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டு ஒதுங்கினார். வியாகுலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சிலுவைமுத்து உதைத்தான். கும்மென்றது, அடங்கியது. மறுபடி உதைத்தான். சுறா எண்ணெய் பிசுபிசுத்து, கிக்கர் பாதியிலேயே நின்று, அவன் காலைத் திருப்பி உதைத்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது! பட்பட்டென்று நீலப் புகை. கரை முழுக்க சுறாவைப் பொரித்த மணம். யார் வீட்டுப் பூனைகளோ நாலு வந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கியரைப் போட்டு கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போனது.*

ஊர் அவனை விட்டு முன்பக்கமாக விலகுவதைச் சிலுவைமுத்து பார்த்தான். முதலில் சாமியார் சின்னவரானார், பிறகு மாமனார் சின்னவரானார். பிரேக் எங்கே இருக்கிறது என்று நினைவு வருவதற்குள் பின்சக்கரம் கடலுக்குள் இறங்கியது. முழங்கால் ஆழத்தில் எஞ்சின் நாலு குமிழி விட்டு அணைந்தது.

* அடிக்குறிப்பு: நான் அடித்துவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரி எஞ்சினுக்கு வால்வு கிடையாது. தீப்பொறி கொஞ்சம் முந்திக்கொண்டு, உதையும் பாதியில் நின்றால், அது எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு சந்தோஷமாக ஓடும். முன்னும் பின்னும் அதற்கு ஒன்றுதான். நமக்குத்தான் பிரச்சினை.

8

ஊர் சிரித்து முடிக்க நேரமானது. சிரிப்பு அடங்கியபோதுதான் விஷயம் உறைத்தது. ஓடணும் என்றார் வியாகுலம். ஓடியது. எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லையே!

முடிவு அ: வியாகுலம் வாய்விட்டுச் சிரித்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார். (எழுதினேன். சிரிக்கும் வியாகுலம் எனக்கே யாரோபோல் இருந்தார். கிழித்தேன்.)

முடிவு ஆ: மறுநாள் சிலுவைமுத்து வள்ளத்தில் ஏறுகிறான், ஆயுசுக்கும்... (இதை முடிக்கக்கூட என் கைக்கு மனம் வரவில்லை.)

முடிவு இ: சாமியார் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்கிறார். (அவர் வேலை தீர்த்தம் தெளிப்பது. அதோடு நிற்கட்டும்.)

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சிலுவைமுத்து தண்ணீரில் வண்டிமேல் உட்கார்ந்தபடியே, ஊர் கேட்கச் சொன்னான்:

"மாமா, ஓடலன்னு சொல்லிருங்க, பரவால்ல. ஆனா வள்ளத்துல மட்டும் ஏறச் சொல்லாதிய. எனக்குக் கடலு ஒத்துக்கல மாமா. ஏறுனா தல சுத்துது, கொமட்டுது. அஞ்சு வருசமா ஒங்க வள்ளத்துப் பின்னால நா வாந்தியெடுக்காத நாளு கெடையாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு பூனை மட்டும் கத்தியது.

வியாகுலம் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

"அஞ்சு வருசமா எங்கிட்டச் சொல்லலையே?"

"ஒங்க மருமகன ஊரு சோம்பேறிங்குது. அதையே ஒங்களால தாங்க முடியல. இத எப்படிய்யா தாங்குவிய?"

வியாகுலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், வண்டிக்கு முன்னால் போய் நின்று, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தார்.

அங்கிருந்து இழுத்தால் கரை. தள்ளினால் கடல்.

இதை நான் எழுதினால் இழுத்தார் என்றுதான் எழுதுவேன். இத்தனை பக்கம் கூடவே இருந்ததில் எனக்கு அந்தப் பையன்மேல் பாசம் வந்துவிட்டது. பாசம் வந்தவன் தீர்ப்பு எழுதக் கூடாது. வியாகுலத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: அவர் கொடுத்த வலை போயிற்று, ஐந்து வருடமாக அவர் கண்முன்னாலேயே அவரை ஏமாற்றியிருக்கிறார்கள், ஊருக்கு முன்னால் அவர் சொன்ன சொல் ஒன்று நிற்கிறது. நீங்கள் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அலை வருகிறது, வண்டி மெல்ல ஆடுகிறது, அவனுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.