குஞ்சு விற்றுத் தீனி போடுவது

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஆனால் மனசுக்குள் நான் அவருக்கு வைத்திருக்கிற பெயர் ஆடிட்டர். வீட்டில் காசு அநாவசியமாகப் போனால், எந்தத் தெருவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் என் ஐந்து கோழிகளையும் ஒரு சேவலையும் ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம்தான்.

ஒருநாள் தீவன மூட்டையைத் தோளிலிருந்து இறக்கியவர், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"கடையில முட்டை என்ன விலை?"

சொன்னேன்.

"நம்ம வீட்டு முட்டை என்ன விலைக்கு அடங்குதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். தெரியாத மாதிரி துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நான் தையல்காரி, கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது வேண்டாதது எதுவும் என் காதில் விழாது. அவர் விடவில்லை. இதுங்க தன் தீனியைத் தானே சம்பாதிச்சா இருக்கட்டும், இல்லன்னா கறிக்கடைக்குப் போகட்டும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பொறுமையாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"குஞ்சு பொரிச்சு விக்கிறேன். பெரிய லீவுக்குள்ள தீனிக் காசு முழுசையும் அதுலயே எடுத்துக் காட்டுறேன், பாருங்க."

"எடுக்கலன்னா?"

"நானே பிடிச்சுக் குடுக்கறேன், போதுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்கு அந்தக் கோழிகள் வேண்டும். மெஷினில் குனிந்து குனிந்து கழுத்து செத்துப்போன நேரத்தில் பின்கதவைத் திறந்தால், ஆறும் விழுந்தடித்து ஓடி வரும். வேறு யார் என்னைத் தேடி ஓடி வருகிறார்கள்? வாடிக்கைக்காரர்கள் வருவார்கள், சட்டை இன்னும் ஆகவில்லையா என்று சண்டை போட.

குஞ்சு விற்கிற கணக்கை எல்லோரும் முட்டையில் ஆரம்பித்து விலையில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த முட்டைக் காசும் என் நஷ்டத்தில் சேரும் என்று தோன்றவில்லை. அடை வைத்ததில் பாதி பொரித்தது, மீதி கூழாகிப் போனது. குஞ்சுத் தீவனம் பெரிய கோழித் தீவனத்தைவிட விலை. குளிருக்குப் பெட்டிக்குள் பல்பு வேறு எரிய வேண்டும். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஆடிட்டர் ஒரு பெருமூச்சு விடுவார்.

இதையெல்லாம்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். என்னைக் கவிழ்த்தது என் வாய். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பெட்டைதான் வேண்டும். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் வயசில் எது பெட்டை, எது சேவல் என்று நான் எதைக் கண்டேன்? "சேவலாப் போச்சுன்னா கொண்டு வாங்க, மாத்தித் தரேன்" என்று பெரிய மனுஷி மாதிரி எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். கொண்டு வந்தார்கள். இஸ்திரிக் கடைக்காரர் மூன்றைக் கொண்டு வந்தார். பக்கத்துத் தெரு டீச்சர் கொண்டு வந்தது, அவர் கையில் இருக்கும்போதே கூவியது. அதற்குப் பதில் கொடுத்த குஞ்சும் சேவலாகித் தொலைக்க, இரண்டாம் தடவையும் வந்தார். பாவம், அவருக்கே கூச்சமாக இருந்தது. பின்பக்கம் சேவல்கள் முறை வைத்துக் கூவ, மாடி வீட்டுக்காரர் தூக்கம் கெட்ட முகத்தோடு எட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததையெல்லாம் கறிக்கடைக்குத் தள்ளிவிட்டதில் கிடைத்த காசு, அதுகள் தின்ற தீனிக்கே வரவில்லை.

லீவு நெருங்கிவிட்டது. கடைசியாகப் பொரித்ததில் பதினொரு குஞ்சுகள் கையில் இருந்தன. பதினொன்றும் நல்ல விலைக்குப் போய், ஒன்றுகூடத் திரும்பி வராமல் இருந்தால் என் கோழிகள் தப்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்தாள். தெருமுனை கிளினிக்கில் கூட்டிப் பெருக்குகிறவள். புருஷனுக்குக் காலில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் கிடக்கிறான் என்று கேள்வி. என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வேன் சீட் உறையைக் கோணல்மாணலாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்க்கா" என்றாள். "வாடகைக்கு எடுத்து வெச்ச காசு இருக்கு. உங்கள மாதிரி குஞ்சு பொரிச்சு வித்தா, போட்டது சீக்கிரம் வந்துரும் இல்ல?"

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்கு முதல் கோழியை விற்றவரும் இப்படித்தான் ஆமா சொன்னார், அவருக்கு யார் சொன்னார்களோ. அவள் ரூபாய் நோட்டுகளைக் கைக்குட்டையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னிடம் போய் ஏன் இதைக் கேட்கிறாள்?

"வராதும்மா" என்றேன்.

அவள் விழித்தாள். வாசலில் ஊசி நின்றது.

"முட்டையிடவே அஞ்சாறு மாசம் ஆகும். அதுவரைக்கும் தீனி போடணும். பாதி சேவலாப் போகும், ஒண்ணு ரெண்டு சாகும். நான் இவ்வளவு நாளா பாத்துட்டேன், கட்டுபடியே ஆகல. வாடகைக் காச இதுல போடாத."

"அப்புறம் நீங்க எதுக்குக்கா வளக்கறீங்க?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்து எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு பிரயோஜனம் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். மெஷின் கேட்டபோது வருமானம் என்றேன். மின்விசிறி கேட்டபோது, வருகிறவர்களுக்கு வேர்க்கிறது என்றேன். எனக்கு வேர்க்கிறது என்று சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் முன்பின் பழகாத ஒரு பெண்ணிடம்.

அவள் இரண்டு குஞ்சு மட்டும் வாங்கிக்கொண்டாள். மீதி நோட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள்.

மிச்சம் ஒன்பது குஞ்சும் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்தன. நான் வாசலுக்குப் போனேன்.

"கேட்டுச்சில்ல? கட்டுபடி ஆகல. கறிக்கடைக்காரர நாளைக்கு வரச் சொல்லுங்க, பிடிச்சுத் தரேன்." அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"யாரையும் வரச் சொல்ல வேணாம். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "பிடிச்சிருக்குன்னு எங்கிட்ட ஒரு தடவகூடச் சொன்னதில்லயே நீ" என்றார்.

"ஏன்னு எப்பங்க கேட்டீங்க நீங்க? எவ்வளவுன்னுதானே கேட்டீங்க."