கதவைப் பார்த்த கதிரை

கொழும்பு வேன் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தபோது றவூப் அடக்கப்பட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

"மையத்து எத்தனை மணிக்கு எடுப்பாங்க?" மலர்வளையத்தோடு இறங்கிய பெண் தடுமாறிய தமிழில் கேட்டாள். பெயர் நிலூகா. றவூப் பணிப்பாளராக இருந்த ஆடைக் கம்பனியில் அவருக்குக் கீழே வேலை செய்தவள்.

"நேத்தே அடக்கியாச்சு மகள்," என்றாள் றவூபின் தங்கச்சி ஸுஹைறா.

பக்கத்து வீட்டு றாஹிலா விடவில்லை. "பெத்த மகன் டுபாய்ல இரிந்தாலும் அவனுக்கே நாங்க காத்திட்டு இரிக்கிறல்ல. மூணு நாள் வெச்சிரிப்பம் எண்டு நினைச்சீங்களாக்கும்."

மலர்வளையம் வேனுக்கே திரும்பிப் போனது.

ஸுஹைறா தேத்தண்ணி ஊற்றினாள். இவர்களுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். றவூப் காக்கா பத்தொன்பது வயதில் வாப்பாவுக்குச் சொல்லாமல் ஆமிக்குப் போனவர். யுத்த காலத்தில் ஊருக்கு வந்தால் அவருக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து, வரவேயில்லை. மேஜராக விலகி, கம்பனியில் சேர்ந்து, ஓய்வு பெற்று, போன வருசம்தான் இந்த வீட்டுக்கு வந்தார். கலியாணம் முடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மழையைக் கதைப்பார், மீன் விலையைக் கதைப்பார். தன்னைப் பற்றி ஒன்றுமில்லை. ஜனாஸாவுக்கு வந்தவர்களும் "நல்ல மனிசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. கொழும்பு ஆட்களுக்காவது தெரிந்திருக்கும்.

நிலூகா முந்திக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை ஒபிஸ்ல றவூப் சேருக்கு ஒரு அஞ்சலிக் கூட்டம். நான் பேசணும். இத்தனை வருசம் ஒண்ணா வேலை செஞ்சும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சேர் ஏன் ஆமிக்குப் போனார்?"

ஸுஹைறா கோப்பையை வைத்தாள். "அதத்தான் மகள் நான் உங்களுட்ட கேக்க இரிந்த."

நிலூகாவின் கண், சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த கதிரையில் போய் நின்றது.

"அது சேரோட கதிரையா?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"ஒபிஸ்லயும் சுவரோடதான் இருப்பார். யார் பேசினாலும் கதவைத்தான் பார்ப்பார். சேர் யாரையோ எதிர்பார்த்துட்டு இருக்கார்னு நாங்க பகிடி பண்ணுவோம்."

"அங்கயுமா?"

"அங்கயும்."

வேன் போனபின் றாஹிலா கோப்பைகளை எடுக்க வந்தாள். "என்னகா சொன்னாங்க?"

"காக்கா அங்கயும் கதவப் பாத்துத்தான் இரிப்பாராம்."

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த?"

அவள் போனதும் ஸுஹைறா அந்தக் கதிரையில் இருந்து பார்த்தாள். வாசல் முழுசாகத் தெரியவில்லை. இடையில் அவளுடைய கதிரை மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு வருசமாக வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேதான் அவள் சோறு தின்றிருக்கிறாள்.

கொஞ்சம் அங்கால இரி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.