பழையதின் மேல் ஏற்றாதே

தலைமை ஆபீசுக்கு மூளை இல்லை என்று சொன்னால் பாவம். மூளை இருக்கிறது, எங்கள் மில்தான் அதன் கண்ணில் படுவதில்லை.

கொட்டாம்பட்டி நூற்பாலையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது நான். அன்று காலை தல்லாகுளம் தலைமை ஆபீசிலிருந்து ஒரு டேப் வந்தது. அங்குள்ள இயந்திரத்தில் சேமித்த புரோகிராம் லைப்ரரி மொத்தமும் அதில் இருந்தது. பின்னாலேயே அந்த ஆபீஸ் மேனேஜர் அசோக்குமாரின் போன்.

"முபீனா, இருக்குற லைப்ரரி மேலயே ஏத்திரு. மத்தியானம் ஷிப்டு சார்ட் வேணும்."

"மேலயே ஏத்துனா இங்க உள்ளது அழிஞ்சுரும் சார். வேற பேர்ல ஏத்தி, ஒப்பிட்டுப் பாத்துட்டு மாத்துறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. என்னத்த ஒப்பிடப் போற?"

இரண்டும் ஒன்றில்லை. எனக்குமுன் இந்த வேலையில் இருந்த மலைச்சாமி அண்ணன், தல்லாகுளத்துக்கு போன் லைன் கிடைக்காத நாட்களில் யாரையும் கேட்காமல் இங்கேயே புரோகிராமைத் திருத்திவிடுவார். கடைசியாக, கர்ப்பிணிகளுக்கு இரவு ஷிப்டு விழாதபடி சார்ட் போடும் ஷிப்டு புரோகிராமைத் திருத்தினார். அந்தத் திருத்தம் இந்த ஒரு இயந்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது. மில்லில் வேலை செய்யும் எட்டு மாதக் கர்ப்பிணி முத்துமீனா இரவில் வீட்டில் படுப்பது அதனால்தான். சார்ட்டில் பெயர் விழுந்துவிட்டால் சூப்பர்வைசர் யார் சொல்லியும் மாற்றமாட்டார்.

இதை விளக்கினேன். "அதுக்கு யாரு பெர்மிஷன் குடுத்தா? ஆபீஸ்ல உள்ளதுதான் சரி" என்று போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி செய்யவில்லை. முதலில் இங்குள்ளதைத் தனியாகச் சேமித்தேன். டேப்பில் இருந்ததை வேறு பெயரில் ஏற்றி, ஒவ்வொன்றும் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தேன். சாப்பிடக்கூடப் போகவில்லை. ஷிப்டு புரோகிராமை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினேன். சார்ட் வந்தது. முத்துமீனா பகல் ஷிப்டில்தான் இருந்தாள்.

சார்ட்டைப் பார்த்துவிட்டு அசோக்குமார் மறுபடி கூப்பிட்டார்.

"பாத்தியா, ஏத்துனதும் ஓடுதுல்ல? இதுக்குப் போயி அம்புட்டு பயம்."

"அந்த ஒண்ண ஏத்தல சார். அதான் ஓடுது."

அவர் சிரித்தார். "நீ ரொம்பக் கஷ்டப்படுற. அடுத்த மாசத்துலருந்து நாங்களே இங்கருந்து நேரா பழசு மேலயே ஏத்திருவோம். உனக்கு வேல மிச்சம்."

அடுத்த மாதம் முத்துமீனாவுக்கு ஒன்பது.